இலவச மாத்திரையின் விலை

நமது சித்தப்பாவின் குமாரன் அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கிறான். ஊரில் இருந்த காலத்தில் தலைவலி என்றால் சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிற சாதுப் பிள்ளை. சென்ற மாதம் அவன் கைப்பேசி வழியாக ஒரு நீண்ட கடிதமும், அதனோடு ஓர் அட்டையின் படமும் நமக்கு அனுப்பியிருந்தான். அட்டையில் அவனுடைய முகம் இருந்தது, பெயர் இருந்தது, இன்ன தேதியோடு காலாவதியாகும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. என்ன அட்டை என்று பார்த்தால், கஞ்சா வாங்குவதற்கு அவன் வசிக்கும் ராஜ்யத்தின் சர்க்கார் கொடுத்திருக்கும் அனுமதி அட்டை!

பயப்பட வேண்டாம், நேயர்களே! தம்பி கெட்டுப்போய்விடவில்லை. அவனுக்குப் புற்றுநோய். அதற்காக ஏற்றிக்கொள்ளும் மருந்து வயிற்றைப் புரட்டி, உண்ட சோற்றையெல்லாம் வெளியே தள்ளிவிடுகிறது. மற்ற மருந்துகள் பலிக்காமற் போகவே வைத்தியர் இதற்குச் சான்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அமெரிக்காவில் 1996-ம் வருஷம் கலிபோர்னியா ராஜ்யம் முதன் முதலில் இந்த வழியைத் திறந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பல ராஜ்யங்கள் அதைப் பின்பற்றின.

அட்டை சும்மா வந்துவிடவில்லை. சான்று எழுதிய வைத்தியருக்கு 150 டாலர். சர்க்காருக்கு 50 டாலர். வருஷம் முடிந்தால் இரண்டும் மறுபடியும். கடையில் வாங்கும் சரக்குக்குக் கைப்பணம்தான். அவனுடைய காப்பீட்டுக் கம்பெனி ஒரு காசும் தராது. அந்தச் சரக்கில் ஒரு துளியை மடியில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்து இறங்கினாலோ, நேரே சிறைச்சாலைதான். நம் தேசத்தில் கஞ்சாவுக்கு இவ்விதமான நோயாளி அட்டை எதுவும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறையில் இதைச் சொன்னோம். "அங்கே கஞ்சாவுக்குக் கூட ரேஷன் கார்டா?" என்று சரித்திர ஆசிரியர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நமக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தம்பியின் கடிதத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: "அண்ணா, இந்த அட்டையை எடுக்கும்போதெல்லாம் நம் அத்தையின் நோட்டுப் புத்தகம் ஞாபகத்துக்கு வருகிறது."

அந்த நோட்டுப் புத்தகத்தின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

* * *

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே விலகியிருக்கிறது எங்கள் கிராமம். கரிசல் பூமி. பருத்தியும் மக்காச் சோளமும் விளையும். அத்தை இளம் வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். நமக்கும் தம்பிக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும், அரியலூர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுச் சோறு கட்டிக் கொடுத்ததும் அவள்தான். நாம் பட்டம் பெற்றுக் கணக்கு ஆசிரியரானபோது, ஊர் முழுவதும் போய்ச் சர்க்கரை கொடுத்தவளும் அவளே.

அவளுக்கு ஒரே ஒரு ஆடம்பரம் உண்டு, வெற்றிலையும் புகையிலையும். 2016-ம் வருஷக் கடைசியில் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று வந்தது. புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. கதிர்ச் சிகிச்சையும் செய்து பார்த்தாயிற்று. 2017 ஜூன் மாதத்தில், "இனி நோயைத் தீர்க்க முடியாது, வலியைத் தீர்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தையை அரியலூரில் நம் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

வலியைத் தீர்க்கலாம் என்று சொன்னார்களே, அதற்கு மருந்து என்ன? பக்கத்திலிருந்த வைத்தியர் ஒருவர் சீட்டில் 'மார்பின்' என்று எழுதினார். எழுதிவிட்டு, "இது கடைகளில் அகப்படாது. எங்களிடமும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயர் பதிந்து வாங்க வேண்டும்" என்றார்.

* * *

மார்பின் என்பது அபினிலிருந்து எடுக்கும் சத்து. கடுமையான வலிக்கு அதற்கு நிகரான மருந்துகள் சிலவே. புற்றுநோயின் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுத்து, கடைசிப் படியில் மார்பினை வாய்வழியாகக் கொடுக்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1986-லேயே வழி வகுத்தது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அபின் நமக்கு அந்நியச் சரக்கு அல்ல. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் குடியானவர்கள் சர்க்கார் அனுமதி பெற்றுக் கசகசாச் செடி பயிரிட்டு, காயைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். காஜிப்பூரில் 1820-ம் வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்படுத்திய அபின் தொழிற்சாலை, சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்து நடந்து வருகிறது. அன்று கம்பெனியார் நம் மண்ணில் விளைந்த அபினைச் சீன தேசத்துக்கு அனுப்பி, அந்த ஜனங்களைக் கெடுத்துப் பணம் சேர்த்தார்கள். இன்று மருந்துக்காக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறோம். விளைகிற தேசத்தின் நோயாளிக்கு மட்டும் அது எட்டாக் கனியாகிவிட்டது.

இதற்குக் காரணம் 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் தடைச் சட்டம். போதை வியாபாரத்தை ஒடுக்குவதற்காகவே அது வந்தது. பெரிய குற்றங்களுக்குக் குறைந்தது பத்து வருஷச் சிறை என்று விதித்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் ஓர் ஆஸ்பத்திரி மார்பின் வைத்துக்கொள்ள வேண்டுமானால் வெவ்வேறு இலாகாக்களில் பல லைசென்ஸுகள் வாங்க வேண்டியதாயிற்று. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் கை விலங்கு வருமோ என்ற பயம் வேறு. ஆஸ்பத்திரிகள், 'இந்தத் தொல்லையே வேண்டாம்' என்று விட்டுவிட்டன. பன்னிரண்டு வருஷத்தில் தேசத்தின் மார்பின் உபயோகம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குறைந்தது. 1997-ல் இவ்வளவு பெரிய தேசத்துக்கும் சேர்த்து உபயோகமானது சுமார் 18 கிலோதான்!

அதே 1985-ல்தான், தம்பியைப் போல் மருந்தினால் வாந்தியெடுக்கும் நோயாளிகளுக்கென்று, கஞ்சாவின் சத்தைப் போலவே ரசாயன முறையில் செய்த ஒரு மாத்திரையை அமெரிக்கச் சர்க்கார் அங்கீகரித்தது. ஒரே வருஷத்தில் அங்கே ஒரு கதவு திறந்தது. இங்கே ஒரு கதவு சாத்திக்கொண்டது.

* * *

இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது நமக்குத் தெரிந்ததெல்லாம், மார்பின் என்றால் அபின் என்பது ஒன்றுதான். உறவினர் ஒருவர் வந்து, "அபினைக் கொடுத்தால் புத்தி பேதலித்துவிடும். ஆரம்பித்தால் அப்புறம் முடிவுதான்" என்றார். பட்டதாரியாகிய நாம் அதை நம்பினோம். வைத்தியரின் சீட்டு அலமாரியில் மூன்று வாரம் கிடந்தது. அந்த மூன்று வாரமும், சுண்ணாம்புக்கல் லாரிகள் தெருவை அதிர வைத்துக்கொண்டு போகும் நடுநிசிகளில், அத்தை சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தாள். நாம் எழுதப் போகும் கணக்கில் முதல் செலவு இதுதான். இதற்கு எந்தச் சர்க்காரையும் குறை சொல்வதற்கில்லை.

ஜூலை 11-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, வாடகைக் கார் வைத்துக்கொண்டு எண்பது கிலோமீட்டர் பிரயாணம் செய்து ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலி நிவாரணப் பகுதி செவ்வாய் தோறும்தான் உண்டு. அங்கே இருந்த வைத்தியர் பொறுமைசாலி. "அம்மாவுக்கு இது மருந்து, போதை இல்லை. வலிக்கு ஏற்ற அளவில், வைத்தியர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவர்கள் அதற்கு அடிமையாவது அபூர்வம்" என்று நமக்கு விளக்கினார். நாலு மணிக்கு ஒரு தரம் கொடுக்க வேண்டும். இராத்திரி படுக்கும்போது இரண்டாகக் கொடுத்தால் நடுவில் எழுப்ப வேண்டியதில்லை. மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு. மாத்திரையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். அளவை நாமாகக் கூட்டக்கூடாது. எல்லாம் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் அத்தையின் படம். கீழே, வந்து வாங்கிப் போகிறவர் என்று நம்முடைய படம். பதினாலு நாளைக்கு 84 மாத்திரை. விலை ஒன்றுமில்லை, இலவசம்!

அன்று இரவு அத்தை தூங்கினாள். மறுநாள் காலை இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டு, "என்னமோ வெளக்கை அணைச்சாப்பல இருக்கு, சாமி" என்றாள். புத்தி பேதலிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பெயரைக் கேட்டு விசாரித்தாள். நாம் எழுந்து கொல்லைப் பக்கம் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

* * *

இனிக் கணக்கைச் சொல்லுகிறோம். கணக்கு ஆசிரியனுக்கு அது ஒன்றுதானே தெரியும்?

முதல் நாள் காருக்கும் மற்றவைக்கும் ரூபாய் 3,600. அப்புறம் பதினாலு நாளைக்கு ஒரு முறை நாம் மட்டும் போய் வந்தோம். போக வர பஸ் 130, ஆட்டோ 160, சாப்பாடு, காப்பி 90, நோட்டுப் புத்தகத்தையும் ஆதாரையும் நகல் எடுக்க 10. ஆக ஒரு நடைக்கு ரூபாய் 390.

பணத்தை விடப் பெரிய கஷ்டம் விடுமுறை. நமக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் தற்செயல் விடுப்பு. பதினாலு நாளைக்கு ஒரு நடை என்றால் வருஷத்துக்கு இருபத்தாறு நடை. பன்னிரண்டிலிருந்து இருபத்தாறைக் கழிப்பது எப்படி என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. அந்த வருஷம் ஜூலைக்கு முன்பே மூன்று நாள் தீர்ந்துபோயிருந்தது. செப்டம்பர் 5-ந் தேதி ஆசிரியர் தினத்தன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நமக்காகப் பூமாலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். நாம் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

செப்டம்பர் 19-ந் தேதி நம் மனைவியை அனுப்பினோம். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்து சம்பாதிக்கிறவள். நோட்டுப் புத்தகத்தில் அவளுடைய படம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கெஞ்சிக் கேட்ட பிறகு மூன்று நாளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நாமே மறுபடியும் போய், அவளுடைய படத்தையும் ஒட்டி, மீதியை வாங்கி வந்தோம். அக்டோபர் கடைசியில் அவள் இன்னொரு முறை போனாள். நாம் போனது மொத்தம் பத்து நாள், விடுப்போ ஒன்பதுதான். பத்தாவது நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள்.

வரிசையில் நமக்கு முன்னால் நிற்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மனைவிக்காக வருகிறவர். மக்காச் சோளக் காட்டில் கூலி வேலை. அந்த வருஷம் நம் மாநிலத்தில் நூறு நாள் வேலைக்கு நாட்கூலி 205 ரூபாய். நம்மைப் போல் 390 ரூபாய் செலவழித்து, அன்றைய கூலியையும் விட்டால், கிட்டத்தட்ட மூன்று நாள் உழைப்பு ஒரு நடைக்குப் போய்விடும். அவர் ஆட்டோவில் ஏறமாட்டார். மத்தியானம் சாப்பிடவும் மாட்டார். தீபாவளிக்கு முதல் நாள், அக்டோபர் 17-ந் தேதி, அவரைக் கடைசியாகப் பார்த்தோம். அதற்கப்புறம் அவர் வரவில்லை. மனைவி காலமாகிவிட்டாளா, பஸ்ஸுக்குப் பணம் இல்லாமற் போயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு வழியில்லை.

* * *

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. அத்தை மெலிந்துகொண்டே வந்தாள். ஆனால் நாம் பிரயாணம் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கும்போதெல்லாம், "இன்னிக்கி அவ்வளவா வலியில்லை, சாமி. நீ பள்ளிக்கூடம் போ. பிள்ளைங்க படிப்பு கெட்டுப்போவும்" என்று சொல்லத் தொடங்கினாள். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நாம் சந்தோஷப்பட்டோம். நமது புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

டிசம்பர் 4-ந் தேதி விடியற்காலையில் அத்தை காலமானாள்.

காரியங்கள் முடிந்த பிறகு, அவளுடைய சுருக்குப் பையை மனைவி எடுத்து வந்து நம்மிடம் கொடுத்தாள். உள்ளே ஒரு பழைய ஐந்து ரூபாய் நாணயமும், காகிதத்தில் மடித்து வைத்த பத்தொன்பது மாத்திரைகளும் இருந்தன. கையில் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டதாகச் சொல்லி, ஒவ்வொன்றாக ஒளித்து வைத்திருக்கிறாள். ஒரு நடை குறைந்தால் நமக்கு ஒருநாள் விடுப்பு மிச்சமாகுமே என்று! பத்தொன்பது மாத்திரை என்றால் பத்தொன்பது நாலு மணி நேரம். எழுபத்தாறு மணி நேரம். மூன்று நாளுக்கு மேல் அவள் வலியை வாங்கிக்கொண்டு நமக்கு விடுப்பைக் கொடுத்திருக்கிறாள்.

உபயோகிக்காத மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில், டிசம்பர் 26-ந் தேதி, கடைசி முறையாகப் போனோம். செவிலி ஒருத்தி மாத்திரைகளை எண்ணி, பதிவேட்டில் வரவு வைத்து, நம்மிடம் கையெழுத்து வாங்கினாள். "பத்தொன்பது மிச்சமா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றோம். அவள் நம் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை. இப்படி மிச்சம் வந்தது அவளுக்குப் புதிதாயிராது.

முதல் நடை 3,600. பிறகு பன்னிரண்டு நடைக்கு 4,680. மனைவிக்கு இரண்டு நாள் தையல் வருமானம் 600. ஆக ரூபாய் 8,880. இதுதான் இலவச மாத்திரைக்கு நாம் கொடுத்த விலை. அத்தை கொடுத்ததை எந்த நாணயத்தில் எழுதுவதென்று தெரியாமல் அந்தப் பத்தி இன்னும் காலியாக இருக்கிறது.

* * *

பூட்டே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1990-களின் கடைசியிலிருந்து இதே இனத்து வலி மாத்திரைகளைக் கம்பெனிகள் கண்டபடி விளம்பரம் செய்து விற்றதில், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நாசமாயின. பதிவேடும், கையெழுத்தும், எண்ணிக்கையும் இருக்கத்தான் வேண்டும். சாவியை எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அவசியமில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. 2014-ல் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தைத் திருத்தியது. 2015-ல் விதிகள் வந்தன. மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு இப்போது பல லைசென்ஸுகள் தேவையில்லை. பயிற்சி பெற்ற வைத்தியர் இருந்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரித்தால், ஓர் ஆஸ்பத்திரி அவற்றை வைத்துக்கொள்ளலாம். இந்த மாறுதலுக்காகப் பல வருஷம் போராடியவர்களில் முக்கியமானவர் கேரளத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால், 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தார்கள். அவர் முதலானோர் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து, கேரளத்தில் ஊருக்கு ஊர் தொண்டர்கள் நோயாளியின் வீடு தேடிப் போகும் வழக்கம் வளர்ந்தது. நம் தமிழ் நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே செவிலியர் வந்து இத்தகைய நோயாளிகளைக் கவனிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. அரியலூரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அத்தையின் காலத்தில் இவை இரண்டும் இல்லை.

ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு. மருந்து அலமாரியில் இருப்பது வேறு. 2014-ல் திருத்திய சட்டம் 2017-ல் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை என்பதை நாம் கண்டோம். கேட்பவர்கள் இல்லாவிட்டால் எந்த அலமாரியும் தானாக நிரம்பாது.

ஆகையால், பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களிலும் மற்ற இடங்களிலும் உள்ள நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு என்ன காரியமாகப் போனாலும், "இங்கே மார்பின் வைத்திருக்கிறீர்களா? எந்தக் கிழமையில் கொடுக்கிறீர்கள்? நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பேரின் படம் ஒட்டலாமா?" என்று கேளுங்கள். வீட்டில் யாருக்காவது அந்த மருந்தை எழுதிக் கொடுத்தால், நம்மைப் போல் சீட்டை மூன்று வாரம் அலமாரியில் வைக்காதீர்கள். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், விழுங்குகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

தம்பிக்குப் பதில் எழுதிவிட்டோம். அட்டைக்கு ஆகும் செலவை எண்ணி மருந்தை மிச்சம் பிடிக்காதே என்று எழுதினோம். அத்தையின் பத்தொன்பது மாத்திரைகளைப் பற்றி அவனுக்கு இதுவரை சொன்னதில்லை. இந்தக் கட்டுரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.